தீமை மாற்ற எந்த வழி நல்லது?

‘தீம்’ என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் ‘தீமை’ ஆகிவிடுகிறது. தீம் என்பது தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுப்பு. இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தளம் வைத்திருப்பவர்களைத் தமிழ் இப்படிக் கிண்டல் செய்கிறது. தெரிந்த சிற்றிதழ் ஒன்றின் தளத்தைப் பராமரிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே அந்தக் கிண்டலின் பொருள் எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தத் தளத்தின் தீம் அழகானதுதான், ஆனால் ஆங்கிலத்துக்காகச் செய்தது. தலைப்புகளுக்கு வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.1 மடங்கு. எழுத்துகளுக்கு இடையிலும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் கம்பீரமாகத் தெரியும் இந்த அளவில் தமிழ்த் தலைப்பு இரண்டு வரியாக மடங்கினால், மேல்வரி ‘ழு’வின் கால் கீழ்வரி ‘தி’யின் கொக்கியில் போய் இடிக்கும்; ‘ல்’லின் புள்ளி யாருடைய புள்ளி என்றே தெரியாது. நிறம், அளவு, இடைவெளி போன்ற தோற்ற விதிகள் எழுதியிருக்கும் கோப்பு ஸ்டைல்.சிஎஸ்எஸ். நான் நேராகத் தீமின் அந்தக் கோப்பைத் திறந்து 1.1ஐ 1.45 ஆக்கினேன். இறுக்கத்தைப் பூஜ்யமாக்கினேன். ‘இந்தக் கோப்பை நேரடியாகத் திருத்தாதீர்கள்’ என்று வேர்ட்பிரஸே எச்சரித்தது. எச்சரிக்கைகளைப் படிக்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

மூன்று வாரம் கழித்து இதழின் ஆசிரியர் அழைத்தார். “தம்பி, தலைப்பெல்லாம் மறுபடியும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே?” தீமுக்குப் புதுப்பிப்பு வந்திருந்தது. புதுப்பிப்பு என்றால் பழைய கோப்புறையை அழித்துவிட்டுப் புதியதை வைப்பது. என் திருத்தமும் அதோடு போய்விட்டது.

அன்றிலிருந்து எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: செய்யும் மாற்றம் எங்கே போய் உட்காருகிறது, கோப்பிலா, கட்டுரைகளும் அமைப்புகளும் சேமிக்கப்படும் தரவுத்தளத்திலா? எளிது, கடினம், இலவசம், கட்டணம் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

தரவுத்தளத்தில் உட்காருவதில் மிக எளிய வழி, கஸ்டமைசர் என்ற தோற்ற அமைப்புத் திரையில் இருக்கும் ‘கூடுதல் சிஎஸ்எஸ்’ பெட்டி. 2016 டிசம்பரில் வேர்ட்பிரஸின் 4.7 பதிப்போடு வந்தது. இடப்பக்கம் தட்டச்சு செய்யச் செய்ய வலப்பக்கம் தளம் மாறிக் காட்டும். தீம் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. மேலே சொன்ன ‘ழு’ விவகாரம் இங்கே இரண்டே வரியில் தீர்ந்துவிடும். கைபேசித் திரையை மீறி ஓடும் ‘உள்ளாட்சித்தேர்தல்முடிவுகள்’ போன்ற ரயில்வண்டிச் சொற்களை மடக்குவதற்கு இன்னொரு வரி போதும்.

ஆனால் இந்தப் பெட்டிக்குப் பூசத்தான் தெரியும், சுவரை இடிக்கத் தெரியாது. கட்டுரையாளர் பெயரைத் தலைப்புக்கு மேலே கொண்டுபோக வேண்டும் என்றால் பக்கத்தின் வார்ப்பே, அதாவது எது எங்கே வரும் என்ற அமைப்பே, மாற வேண்டும். வேண்டாததைச் சிஎஸ்எஸ் மூலம் மறைக்கலாம்தான். மறைத்தது வாசகரின் கைபேசிக்கு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இன்னொன்று, இங்கே எழுதுவது அந்தந்தத் தீமோடு கட்டப்பட்டது. வேறு தீமுக்கு மாறினால் பெட்டி காலியாகத் தெரியும். பழைய தீமுக்குத் திரும்பினால் மறுபடி நிரம்பியிருக்கும். இருபது முப்பது வரிக்குள் முடிகிற வேலைக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சுவரை இடிக்க வேண்டியவர்களுக்குச் சைல்டு தீம். தாய்த் தீமைத் தொடாமல் பக்கத்தில் தனிக் கோப்புறை ஒன்று வைத்து, மாற்ற வேண்டிய கோப்புகளை மட்டும் அதில் போடுவது. அதன் ஸ்டைல்.சிஎஸ்எஸ் தலைப்பகுதியில் ‘டெம்ப்ளேட்’ என்ற வரியில் தாய்த் தீமைக் குறிப்பிட வேண்டும். இங்கேதான் பாதிப்பேர் வழுக்கி விழுகிறார்கள். எழுத வேண்டியது தீமின் பெயர் அல்ல, அதன் கோப்புறையின் பெயர். ஒரு கோடு பிசகினாலும் ‘தாய்த் தீமைக் காணவில்லை’ என்று சொல்லிவிடும்.

வழுக்கும் இடம் இன்னொன்றும் உண்டு. சிங்கிள்.பிஎச்பி போன்ற வார்ப்புக் கோப்பைத் தாயிடமிருந்து நகலெடுத்து வைத்தால், சைல்டு தீமில் இருப்பதுதான் செல்லும். அதே நினைப்பில், தீமின் செயல்பாடுகளை எழுதிவைக்கும் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பியையும் முழுதாக நகலெடுத்தால் கதை கந்தல். அந்தக் கோப்பு மட்டும் ஒன்றை ஒன்று பதிலீடு செய்யாது. இரண்டுமே ஏறும், சைல்டு தீமுடையது முதலில். ஒரே பெயரில் ஒரு செயற்கூறு இரண்டு முறை வந்தால், இந்தக் கோப்புகளின் நிரல்மொழியான பிஎச்பி அங்கேயே நின்றுவிடும். ஆகவே அந்தக் கோப்பை வெறுமையாகத் தொடங்கி, புதிதாகத் தேவைப்படுவதை மட்டும் எழுத வேண்டும்.

குறையும் இருக்கிறது. நகலெடுத்த வார்ப்பு, எடுத்த நாளோடு உறைந்துவிடும். தாய்த் தீம் பின்னாளில் அந்தக் கோப்பில் பிழை திருத்தினால் அது உங்களை எட்டாது. ஓடிக்கொண்டிருக்கும் தளத்தில் நடுவழியில் சைல்டு தீமுக்கு மாறினால், கஸ்டமைசரில் வைத்த லோகோவும் நிறமும் காணாமல் போனதுபோல் இருக்கும். அவை பழைய தீமின் பெயரில் சேமிக்கப்பட்டவை. ஆகவே சைல்டு தீம் போடுவதென்றால் தளம் தொடங்கும் அன்றே போட்டுவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்து ஆசிரியரிடம் திட்டு வாங்கிக்கொண்டு போட்டவன் சொல்கிறேன்.

தளம் முழுவதையும் திரையிலேயே திருத்த உதவுவது சைட் எடிட்டர். 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்த அது இந்தக் கணக்கையே மாற்றிவிட்டது. பக்கத்தைத் துண்டு துண்டான பிளாக்குகளாக அடுக்கும் பிளாக் தீம்களில் மட்டும்தான் முழுமையாக வேலை செய்யும். கட்டுரையாளர் பெயரைத் தலைப்புக்கு மேலே வைக்க அங்கே கோப்பு எதுவும் வேண்டாம். இழுத்து மேலே விட்டால் முடிந்தது. தமிழ்த் தளங்களுக்கு இதைவிடப் பெரிய வரவு, 2024 ஏப்ரலில் 6.5 பதிப்போடு வந்த எழுத்துரு நூலகம். முக்தா மலர், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவின் கோப்பை நேரடியாக ஏற்றிக் கட்டுரையின் உடலுக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு இதற்கென்றே ஒரு பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள், தேடுவோம்.

தொல்லை எங்கே என்றால், தீமின் வடிவமைப்பு தீம்.ஜேசான் கோப்பில் இருக்கிறது, நீங்கள் திரையில் செய்த மாற்றமோ தரவுத்தளத்தில் இருக்கிறது. இரண்டும் மோதினால் தரவுத்தளமே ஜெயிக்கும். ஒருமுறை கோப்பில் நிறத்தை மாற்றிவிட்டு, தளத்தில் மாறவில்லையே என்று அரைமணி நேரம் கேஷை (சேமித்து வைக்கப்பட்ட பழைய நகலை) அழித்துக்கொண்டிருந்தேன். எப்போதோ ஆசிரியர் விளையாட்டாகத் தேர்ந்தெடுத்த ஊதா நிறம் தரவுத்தளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. திரையில் செய்ததைக் கோப்பில் இறக்கிக்கொள்ள ‘கிரியேட் பிளாக் தீம்’ என்ற பிளகின் இருக்கிறது. தளத்தை ஒருவருக்கு மேல் தொடுவதாக இருந்தால் அதை நிறுவிவிடுங்கள்.

எலிமென்டர், டிவி (Divi) போன்ற, இழுத்து விட்டே பக்கம் கட்ட உதவும் பேஜ் பில்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருமண மண்டபத்துக்கோ பயிற்சி வகுப்புக்கோ நான்கு பக்கத் தளம் என்றால் ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஆயிரம் கட்டுரை உள்ள இதழுக்கு வேண்டாம். பில்டரை ஒருநாள் நீக்கினால் அதில் செய்த அமைப்பு கலைந்துபோகும். சிலவற்றில் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதிய குறியீடுகள் குப்பையாகக் கட்டுரை நெடுகக் கிடக்கும்.

அந்தச் சிற்றிதழ் இன்றும் பழைய தீமிலேயே ஓடுகிறது, சைல்டு தீமின் துணையோடு. கோப்புறையில் மூன்றே கோப்புகள். போன வாரம் ஆசிரியர் மறுபடி அழைத்து, கட்டுரையாளர் பெயரைக் கீழேயே கொண்டுபோய்விடலாம் என்கிறார்.