கை சைஸ் 12½ இன்ச்ல இருந்து 14¾ வரைக்கும், என்னோட மூணு வருஷ அனுபவம்

ஆரம்பிக்கும்போது வெயிட் 61 கிலோ, வலது கையை மடக்கி டைட் பண்ணி அளந்தா 12½ இன்ச். இப்போ மூணு வருஷம் முடிஞ்சிருக்கு, வெயிட் 70 கிலோ, கை 14¾. இதுல முதல் வருஷம் முழுக்க அரை இன்ச் கூட ஏறல, நடுவுல நாலு மாசம் முழங்கை வலியிலயே போச்சு, மிச்சம் இருக்கற காலத்துல தான் கிட்டத்தட்ட மொத்தமும் வந்துச்சு. அந்த முதல் வருஷம் நான் பண்ண தப்பையே நிறைய பேர் இப்பவும் பண்றத ஜிம்ல பாக்கறேன், அதனால விவரமா எழுதறேன்.

முதல் வருஷம் நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு தான், பைசெப்ஸ். வாரத்துல நாலு நாள் பார்பெல் கர்ல் (கர்ல்னா முழங்கைய மடக்கி வெயிட்ட மேல தூக்கறது), டம்பெல் கர்ல், கான்சன்ட்ரேஷன் கர்ல்னு மாத்தி மாத்தி அடிப்பேன், வெயிட்ட தூக்க முடியலன்னா இடுப்ப பின்னாடி வளைச்சு ஒரு ஆட்டு ஆட்டி மேல கொண்டு வந்துடுவேன், இறக்கும்போது அப்படியே விட்டுடுவேன். முடிச்சிட்டு கண்ணாடியில பாத்தா பம்ப்ல, அதாவது ரத்தம் ஏறி சதை உப்பினதுல, கை சூப்பரா இருக்கும், ரெண்டு மணி நேரத்துல பழையபடி ஆயிடும். பம்ப் இருக்கும்போது டேப் வச்சா அரை இன்ச் கூட காட்டும், அத நம்பி தான் ஏறுதுன்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்போ மாசத்துக்கு ஒரு தடவை, காலையில எழுந்ததும், எக்சர்சைஸ் எதுவும் பண்றதுக்கு முன்னாடி தான் அளக்கறேன். அளவு எடுக்கற பழக்கம் இருக்கறவங்க இத மட்டும் கண்டிப்பா மாத்திக்கோங்க.

அடுத்த விஷயம் ட்ரைசெப்ஸ். மேல் கையில இருக்கற சதையில பெரும்பங்கு பின்னாடி இருக்கற ட்ரைசெப்ஸ் தான், முன்னாடி இருக்கற பைசெப்ஸ் அதை விட சின்ன தசை. இது தெரிஞ்சதுக்கு அப்புறமும் நான் வெறும் புஷ்டவுன் (கேபிள மேல இருந்து கீழ அமுக்கி கைய நீட்டறது) நாலு செட் போட்டுட்டு கிளம்பிடுவேன். ட்ரைசெப்ஸுக்கு மூணு தலை, அதாவது மூணு பகுதி இருக்கு, அதுல லாங் ஹெட் மட்டும் தோள்பட்டை எலும்புல இருந்து ஆரம்பிக்குது, அதனால கையை தலைக்கு மேல தூக்கினா தான் அது முழுசா இழுபடும். புஷ்டவுன்ல கை உடம்போட ஒட்டி இருக்கறதால அந்த இழுப்பு வராது. 2022ல வெளியான ஒரு ஆய்வுல ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் இதையே டெஸ்ட் பண்ணாங்க, ஒரே ஆளோட ஒரு கையை தலைக்கு மேல வச்சும் இன்னொரு கையை உடம்பு பக்கத்துல வச்சும் 12 வாரம் கேபிள் எக்ஸ்டென்ஷன் (மடக்கின முழங்கைய நீட்டி கேபிள இழுக்கறது) பண்ண வச்சாங்க, தலைக்கு மேல பண்ண கையில ட்ரைசெப்ஸ் சுமார் 20 சதவீதமும் இன்னொண்ணுல சுமார் 14 சதவீதமும் வளர்ந்துச்சு, அதுவும் தலைக்கு மேல பண்ணும்போது குறைஞ்ச வெயிட்ல.

நான் மாத்தினது அப்போ தான். கேபிள்ல ரோப் மாட்டி, மெஷினுக்கு முதுகு காட்டி நின்னு, ஒரு கால முன்னாடி வச்சு ஓவர்ஹெட் எக்ஸ்டென்ஷன். மேல் கை ரெண்டும் காது பக்கத்துலயே நிக்கணும், கீழ்க்கை மட்டும் மடங்கி ரோப் பிடரிக்குப் பின்னாடி வரைக்கும் இறங்கணும், அங்க ஒரு செகண்ட் நிறுத்தினீங்கன்னா அக்குளுக்கு பக்கத்துல இருந்து முழங்கை வரைக்கும் ஒரு இழுவை தெரியும் பாருங்க, அது தான் லாங் ஹெட். முதல் வாரம் புஷ்டவுன்ல போட்ட வெயிட்ல பாதி கூட முடியல, ரெண்டு நாள் தலை சீவும்போது கை வலிச்சுச்சு. மூணு மாசத்துல டேப்ல முக்கால் இன்ச், அதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துல வராதது. எல்லாருக்கும் அப்படி வரும்னு சொல்ல மாட்டேன், என் ட்ரைசெப்ஸ் அதுவரைக்கும் சரியா வேலையே வாங்கப்படாம இருந்துச்சு, அதனால சட்டுனு ஏறியிருக்கும்.

பைசெப்ஸ குறைச்சு சொல்றதா நெனைக்காதீங்க. அதுக்கு எனக்கு கை கொடுத்தது இன்க்ளைன் கர்ல். பெஞ்ச சாய்ச்சு வச்சு முதுகு ஒட்டி உக்காந்து, கை ரெண்டும் உடம்புக்கு பின்னாடி தொங்கற மாதிரி இருக்கணும். நின்னு 12½ கிலோ ஆட்டிட்டு இருந்தவன் இதுல 7½ல தான் ஆரம்பிச்சேன், ஆனா இடுப்ப ஆட்டவே வழியில்லாததால அந்த 7½ கிலோவும் முழுசா பைசெப்ஸ்ல தான் போய் உக்காரும். பைசெப்ஸோட வேலை கையை மடக்கறது மட்டும் இல்ல, உள்ளங்கைய மேல் பக்கமா திருப்பறதும் அது தான், அதனால மேல வரும்போது சுண்டு விரல் பக்கத்த உள்ளே திருப்பி முடிப்பேன். ஹேமர் கர்ல் (கட்டை விரல் மேல இருக்கற மாதிரி பிடிச்சு மடக்கறது) வேற கணக்கு, பைசெப்ஸுக்கு அடியில பிரேக்கியாலிஸ்னு ஒரு தசை இருக்கு, அது தடிச்சா பக்கவாட்டுல இருந்து பாக்கும்போது கை அகலமா தெரியும். வாரம் மூணு செட் ஹேமர் போதும்.

இப்போ முழங்கை. ரெண்டாவது வருஷம் வேகமா ஏறுதேன்னு ஸ்ட்ரெய்ட் பார் கர்ல், சின்-அப் (கம்பியில தொங்கி தாடை வரைக்கும் மேல ஏறறது), ஸ்கல் க்ரஷர் (படுத்துகிட்டு கம்பிய நெத்தி வரைக்கும் இறக்கி தூக்கறது) எல்லாத்தையும் ஒரே வாரத்துல போட்டு வெயிட்டும் ஏத்திட்டே போனேன். முழங்கையோட உள்பக்க எலும்புல ஒரு குத்தல் ஆரம்பிச்சுது, கதவுல சாவி திருப்பினா வலிக்கும், தண்ணி பாட்டில் மூடி திறக்க முடியாது. அப்படியும் ஆறு வாரம் மேல மேல அடிச்சேன், அது தான் பெரிய தப்பு. சதை சீக்கிரம் பலமாகும், அத எலும்போட இணைக்கிற தசைநாண் அவ்வளவு வேகமா ஆகாது, சதை தயார்னு நம்ம நெனைக்கும்போது நாண் இன்னும் தயாரா இருக்காது. ஸ்ட்ரெய்ட் பாரையும் ஸ்கல் க்ரஷரையும் சுத்தமா விட்டேன், கம்பி வளைஞ்சு இருக்கற EZ பாருக்கு மாறினேன், பாதி வெயிட்ல இறக்கறதுக்கு மட்டும் நாலு செகண்ட் எடுத்து பண்ணேன், வலி சரியாகறதுக்கு நாலு மாசம் ஆச்சு. வலியோட சேர்ந்து சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போச்சுன்னா அது நரம்பு சம்பந்தப்பட்டது, தாமதிக்காம டாக்டர்கிட்ட போயிடுங்க.

நோட்டுப் புத்தகம் இல்லாம இருந்திருந்தா இதெல்லாம் எனக்கே தெரிஞ்சிருக்காது. ஒவ்வொரு செட்டுக்கும் வெயிட், ரெப் (ஒரு செட்ல எத்தன தடவை தூக்கறோம்ங்கறது) எழுதுவேன். 8 ரெப்ல ஆரம்பிச்சு எல்லா செட்டும் 12 வந்ததும் வெயிட் ஏத்தறது தான் வழக்கமா சொல்லுவாங்க, ஆனா கைக்கு அதுல ஒரு சிக்கல் இருக்கு. டம்பெல் பெரும்பாலும் ரெண்டரை கிலோ கணக்குல தான் ஏறும், 10ல இருந்து 12½க்கு போனா அது 25 சதவீதம் ஏத்தறது, நெஞ்சுக்கோ காலுக்கோ யாரும் ஒரே நாள்ல அவ்வளவு ஏத்த மாட்டாங்க. அதனால நான் 15 ரெப் வர வரைக்கும் அதே வெயிட்லயே இருப்பேன், அப்புறம் ஏத்தினா 8, 9 ரெப் ஃபார்ம் கெடாம வரும். 10 கிலோவுலயே அஞ்சு மாசம் இருந்திருக்கேன், நோட்ட திருப்பிப் பாத்தா 9, 9, 8ன்னு ஆரம்பிச்ச வரி 15, 14, 14 வரைக்கும் வந்திருக்கு, கை வளர்ந்ததும் அந்த அஞ்சு மாசத்துல தான்.

செட் கணக்கு: வாரத்துக்கு பைசெப்ஸ் 10, ட்ரைசெப்ஸ் 12, ரெண்டு நாளா பிரிச்சு. 20 செட்டும் ரெண்டு மாசம் ட்ரை பண்ணேன், சைஸ் ஏறல, மூட்டு தான் கடுத்துச்சு. ரோயிங், சின்-அப், பெஞ்ச் பிரஸ்லயும் கை வேலை செய்யுதுங்கறத மறந்துடாதீங்க. செட்டுக்கு நடுவுல ரெண்டு நிமிஷம் ரெஸ்ட், முன்னாடி 40 செகண்ட்ல அடுத்த செட் போயி ரெப்ப இழந்துட்டு இருந்தேன்.

சாப்பாடு பத்தி சுருக்கமா, உடம்பு வெயிட்ல கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன், அதுக்கு மேல பெருசா வித்தியாசம் நான் பாக்கல. ஆனா வெயிட்டே ஏறாத மாசத்துல கையும் ஏறலங்கறது என் நோட்டுல தெளிவா இருக்கு. தூக்கம் ஆறு மணி நேரத்துக்கு கீழ போன வாரங்கள்ல ரெப் குறைஞ்சதும் இருக்கு.

மடக்கினா பைசெப்ஸுக்கும் முழங்கைக்கும் நடுவுல எனக்கு ரெண்டு விரல் இடைவெளி இருக்கு, அத நிரப்பறதுக்குன்னே ப்ரீச்சர் கர்ல் (சாய்வான பலகையில மேல் கைய வச்சு பண்றது) மாசக்கணக்கா அடிச்சேன். அது பிறப்புலயே தசை எங்க முடியுதுங்கறத பொறுத்தது, எந்த எக்சர்சைஸும் மாத்தாதுன்னு லேட்டா தான் புரிஞ்சுது. ப்ரீச்சர் இப்பவும் பண்றேன், பிடிச்சிருக்கறதால.

இடது கை இன்னும் 14½ தான். ஒரு கையால பண்ற எல்லாத்தையும் இப்போ இடதுல தான் முதல்ல ஆரம்பிக்கறேன், இடதுல எத்தன ரெப் வருதோ வலதுலயும் அத்தனையோட நிறுத்திடறேன். ஆறு வாரம் ஆச்சு, அடுத்த ஒண்ணாம் தேதி டேப் வச்சு பாக்கணும்.