62256 ரேம் சிப்: முகவரிக் கணக்கைச் சுவிட்ச் போட்டுப் படிக்க

நினைவக முகவரியை அட்டவணை போட்டு எவ்வளவு விளக்கினாலும், முகவரியில் எத்தனை பிட், அந்த முகவரிக்குள் எத்தனை பிட் என்ற இடத்தில் பலருக்குக் குழப்பம் வருகிறது. அதைத் தீர்க்க ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால் 28 கால் கொண்ட 62256 ஸ்டாடிக் ரேம் (மின்சாரம் இருக்கும்வரை எழுதியதை வைத்திருக்கும் நினைவகம்) சிப்பைத்தான் பரிந்துரைப்பேன். முகவரியின் ஒவ்வொரு பிட்டும் இதில் தனிக் காலாக வெளியே இருக்கிறது. 23எல்சி1024 போன்ற சீரியல் ரேமில் இடவசதி அதிகம், வயர் குறைவு. ஆனால் முகவரி ஒரே கம்பியில் வரிசையாகப் போவதால் கண்ணுக்குத் தெரியாது. கற்க அது உதவாது.

ஏ0 முதல் ஏ14 வரை 15 முகவரிக் கால்கள். ஆகவே 32,768 முகவரிகள். ஒவ்வொன்றிலும் 8 பிட், அதாவது ஒரு பைட். மொத்தம் 2,62,144 பிட். பெயரில் உள்ள 256 இந்தக் கிலோபிட் கணக்குதான்; 256 கிலோபைட் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், கிடைப்பது 32 கிலோபைட். முகவரிக் கால் ஒன்று கூடினால் இடங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும். தரவுக் கால் கூடினால் இடங்களின் எண்ணிக்கை மாறாது, ஒவ்வோர் இடத்திலும் கொள்ளும் பிட்தான் கூடும்.

அலையன்ஸ் நிறுவனத்தின் ஏஎஸ்6சி62256 (55 நானோ நொடி) 2.7 முதல் 5.5 வோல்ட் வரை இயங்கும். அகலமான டிப் வடிவம் (இரு பக்கமும் வரிசையாகக் கால்கள்) என்பதால் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் வயர் செருகும் துளைப் பலகை) ஒரு பக்கம் இரண்டு துளை, மறுபக்கம் மூன்று துளைதான் மிஞ்சும். 28-ஆம் கால் 5 வோல்ட், 14-ஆம் கால் கிரவுண்டு; இரண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் கட்டாயம். முதலில் ஏ0 முதல் ஏ3 வரை மட்டும் டிப் சுவிட்ச் வழியே 5 வோல்ட்டுக்குப் போகட்டும்; ஒவ்வொன்றிலும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். மீதி 11 முகவரிக் கால்களையும் நேரே கிரவுண்டில் கட்டுங்கள். அந்தரத்தில் விட்டால் கை அருகே போனாலே முகவரி மாறும், எழுதியது "காணாமல்" போகும். தொடக்கத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இதுதான்.

தரவுச் சுவிட்சுகளை நேரடியாக இணைக்கக் கூடாது. படிக்கும்போது சிப்பும் சுவிட்சும் ஒரே கம்பியில் மோதும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் தொடராக 4.7 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 47 கிலோ ஓம் போட்டால் சிப் எளிதில் ஜெயிக்கும். எல்இடியையும் நேரே மாட்டாதீர்கள், இதன் வெளியீடு ஓரிரு மில்லி ஆம்பியருக்கானது. நடுவில் ஒரு 74எச்சிடி245 பஃபர் சிப் (சிக்னலை வாங்கி அதிக மின்னோட்டத்தோடு கொடுப்பது) வைத்து, எல்இடி ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் கொடுங்கள்.

சிப் செலக்ட் (20-ஆம் கால்), அவுட்புட் எனேபிள் (22), ரைட் எனேபிள் (27) மூன்றும் 0, அதாவது கிரவுண்டு கொடுத்தால் வேலை செய்பவை. எழுத: 22-ஐ 1 ஆக்கி, முகவரியும் தரவும் வைத்து, 20 தாழ்ந்திருக்க 27-ஐ ஒரு பட்டனால் கிரவுண்டுக்குத் தொட்டு விடுங்கள். மற்ற நேரங்களில் 27-ஐ 10 கிலோ ஓம் ஒன்று 5 வோல்ட்டில் பிடித்திருக்க வேண்டும். பட்டன் துள்ளுவதால் (ஒரே அழுத்தலில் பலமுறை தொட்டு விடுபடுவதால்) கேடில்லை. அதே பைட்தான் அதே இடத்தில் மறுபடி பதியும். பட்டனை அழுத்தியபடி முகவரிச் சுவிட்சைத் தொட்டால்தான் ஆபத்து, போகிற வழியில் உள்ள முகவரிகளும் அழியும். படிக்க: 27 உயர்ந்திருக்க, 20, 22 இரண்டையும் தாழ்த்தினால் போதும்.

இப்போது ஒரு பைட்டில் மூன்றாம் பிட்டை மட்டும் மாற்றப் பாருங்கள். முடியாது, பிட்டுக்குத் தனி முகவரி கிடையாது. பைட்டைப் படித்து, ஒரு பிட்டை மாற்றி, எட்டையும் திருப்பி எழுத வேண்டும். நிரலில் அண்ட், ஆர் என்ற பிட் செயல்களைப் போட்டுச் செய்வதும் இதைத்தான். 1234 என்ற ஹெக்ஸ் (16 அடிமான) எண்ணுக்கு இரண்டு முகவரி வேண்டும். எந்தப் பாதி முதலில் என்பது சிப்புக்குத் தெரியாது, அது பிராசஸரின் முடிவு. 8085 பிராசஸர் என்றால் 34 கீழ் முகவரிக்கும் 12 அடுத்ததற்கும் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை: ஏ0, ஏ3 வயர்களை இடம் மாற்றிச் செருகுங்கள். எழுதுவதும் படிப்பதும் ஒரே தவறான வழியில் போவதால் ரேம் பிசகின்றி வேலை செய்யும். வெளியே எழுதிக் கொண்டுவந்து மாட்டும் 28சி256 ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் எழுதியது அழியாத நினைவகம்) இதே தவறு நிரலையே குலைத்துவிடும்.

8085-இல் சேர்க்கும்போது 16-ஆவது கோடான ஏ15-ஐ மறக்காதீர்கள். அதை நேரே 20-ஆம் காலுக்குக் கொடுத்தால் ரேம் 0000 முதல் 7எஃப்எஃப்எஃப் வரை அமரும், இன்வெர்ட்டர் (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் கேட்) வழியே என்றால் 8000-இல் தொடங்கும். எதிலும் சேர்க்காமல் விட்டால் ஒரே பைட் இரண்டு முகவரிகளில் தெரியும்.

பழைய சிப்பைக் கழற்றி, மேலெழுத்தைப் புதிதாக அச்சிட்டு விற்பதும் உண்டு. வாங்கியதும் 0000, 0001, 0002, 0004 என இரட்டித்துக்கொண்டே 4000 வரை (ஹெக்ஸில்) 16 முகவரிகளில் வெவ்வேறு பைட் எழுதுங்கள்; கிரவுண்டில் கட்டிய கால்களில் தேவையானதை மட்டும் அந்த நேரத்துக்கு 5 வோல்ட்டுக்கு மாற்றினால் போதும். எழுதி முடித்த பிறகே படிக்கத் தொடங்குங்கள். இரண்டு இடத்தில் ஒரே மதிப்பு வந்தால் முதலில் அந்த முகவரிக் கோட்டின் வயரைப் பாருங்கள். வயர் சரியாக இருந்தால் சிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.