பாலி கருப்பு மணல் டூர் என்று 1,78,000 ரூபாய் வாங்கினார்கள்: வேலூர், ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் என் மனைவிக்குமாகச் சேர்த்து 1,78,000 ரூபாய். எரிமலைக் கடற்கரையில் தங்க வைக்கிறோம் என்று வாங்கிக்கொண்டு, காப்பிக் கடையையும் வெள்ளிக் கடையையும் சுற்றிக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டூர் கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று முன்கூட்டியே மிரட்டியாயிற்று. வேலூரில் மாடியில் ஓர் அறை, வாசலில் பெரிய விமானப் படம், ஒரே போர்டில் காசி யாத்திரை, ஃபாரின் டூர், பாஸ்போர்ட் என்று எல்லாம் எழுதியிருக்கும். அந்த ரகம்.

நான் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எரிமலைப் பாறை, பசால்ட் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியதுதான், கண்ணால் கண்டதில்லை. நம் பாலாற்று மணல் கிரானைட்டும் நைஸ் (gneiss) என்ற பாறையும் சிதைந்து வந்தது, குவார்ட்ஸ் அதிகம், அதனால் வெளிறிய நிறம். பாலியின் கிழக்குக் கரையில் மணல் கருப்பு. ஆகுங் என்ற எரிமலை கக்கிய குழம்பு பாறையாகி, ஆறுகள் அதை அரைத்துக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரும்பும் மக்னீசியமும் கலந்த கனிமங்கள், நடுவில் மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாதுத் துகள். 1963இல் அந்த மலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் அடிவாரத்தில் ஆமெட் என்று மீனவர் கிராமங்கள் வரிசையாக இருக்கின்றன. கூட்டா கடற்கரை மாதிரி கூச்சல் இல்லாத இடம். அங்கே இரண்டு இரவு தங்க வேண்டும், விடியற்காலை அந்த மணலில் நடக்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. "பாலாத்துல மணல் தீர்ந்துபோச்சுன்னு பாலிக்குப் போறியா?" என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள்.

அந்தக் கடை ஓனர் என்னைப் பிடித்தது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே மாதிரிதான் உங்களையும் பிடிப்பார். விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. டீ வரவழைத்தார். "வாத்தியார் சார், நான் என் வீட்டுக்காரம்மாவோட போய்ட்டு வந்த இடம் அது. நீங்க ஸ்கூல் காந்தம் ஒண்ணு பைல போட்டுக்குங்க. மண்ணுல வெச்சா மீசை மாதிரி ஒட்டிக்கினு நிக்கும்" என்றார். காந்தத்தைப் பற்றிப் பேசுகிற டூர் ஏஜென்டை யார் சந்தேகப்படுவார்கள்? என் மனைவிக்கு முட்டி வலி என்று தெரிந்ததும், ஆமெட்டில் தரைத்தள அறைதான் வேண்டும் என்று எங்கள் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டார். மறுமுனையில் யாராவது இருந்தார்களா என்பதே இப்போது சந்தேகம். ஜிஎஸ்டி, டிசிஎஸ் (டூர்காரர்கள் நம்மிடம் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) எல்லாம் கூட்டி 1,78,480 வந்தது. "உங்ககிட்டப் போய் சில்லறை வாங்குவேனா சார்" என்று 480ஐ அடித்துவிட்டார். அந்த 480 ரூபாயில்தான் மிச்சம் 1,78,000மும் போனது.

விசா பேக்கேஜில் சேர்த்தி என்றார்கள். பாலியின் டென்பசார் விமான நிலையத்தில் இறங்கினால் தலைக்கு 5,00,000 இந்தோனேசிய ரூபியா கட்டச் சொல்கிறார்கள். அதுபோக அந்த மாகாணத்தின் சுற்றுலாக் கட்டணம் ஆளுக்கு 1,50,000 ரூபியா. கூட வருவதாகச் சொன்ன டூர் மேனேஜர் சென்னையிலேயே காணோம், "சிங்கப்பூர்ல ஜாயின் பண்ணுவார்" என்றார்கள். சிங்கப்பூரிலும் இல்லை. எல்லா இரவும் கூட்டாவில் ஒரு சந்துக்குள் இருந்த ஹோட்டலில்தான். ஆமெட் எப்போது என்று கேட்டால் அங்கிருந்த கைடு சிரிப்பார், அவ்வளவுதான். செலுக் கிராமத்து வெள்ளிக் கடையில் நேரம் போனதே தெரியாத மாதிரி உட்கார வைத்தார்கள். லுவாக் காப்பித் தோட்டத்தில் இன்னும் அதிகம். புனுகுப்பூனை தின்று வெளியே தள்ளிய கொட்டையில் போடுகிற காப்பி. எங்களோடு வந்த குடியாத்தத்துப் பாட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்த முகத்தை மறக்க மாட்டேன். அங்கெல்லாம் கைடுக்குக் கமிஷன், வேறென்ன?

கடைசியில் ஒரு நாள் வண்டி கிழக்கே கிளம்பியது. பாதி வழியில் கோவா லாவா கோயில். உள்ளே குகை, அதில் ஆயிரக்கணக்கில் வௌவால். சாலைக்கு எதிர்ப்பக்கம் கடல், கருப்பு மணல். இருபது நிமிஷம் என்றார் டிரைவர்.

அந்த இருபது நிமிஷத்தைப் பொய் சொல்ல மாட்டேன், அருமை. ஈரமான இடம் தார் ஊற்றியது போல் பளபளத்தது. காய்ந்த இடத்தில் செருப்பைக் கழற்றினால் கால் வெந்துவிடும், அவ்வளவு சூடு. அலை ஓங்கி அடிக்கிறது, குளிக்கிற கடல் இல்லை. எதிரே நுசா பெனிடா தீவு. காந்தத்தை வைத்தேன், நுனி முழுக்கக் கருப்பு முள் முள்ளாக நின்றது. ஏஜென்ட் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. பக்கத்திலேயே குசம்பா கிராமம். அங்கே தோளில் காவடி மாதிரிக் கம்பில் கடல்நீர் சுமந்துவந்து, சமப்படுத்திய கருப்பு மணலில் தெளித்துக் காயவிட்டு, அந்த மணலைச் சுரண்டி வடிகட்டி உப்பு எடுப்பார்கள். அதைப் பார்க்கலாமா என்று கேட்பதற்குள் ஹாரன். வண்டி ஆமெட் பக்கம் போகவில்லை, கூட்டாவுக்கே திரும்பிவிட்டது. "ரோடு பிளாக்" என்றார் கைடு. அன்று அதே சாலையில் ஆமெட்டிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை இரவு ஹோட்டலில் பார்த்தேன். ரோட்டுக்கு ஒன்றும் இல்லையாம்.

ஊர் திரும்பி, காட்பாடியில் பையை வைத்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போனேன். ஓனர் திருப்பதி போயிருக்கிறார். அப்புறம் போனால் ஓனருக்குச் சளி. லோக்கல் ஆபரேட்டர் பதில் போடவில்லை. டிசிஎஸ் சான்றிதழ் கேட்டால் ஆடிட்டர் ஊரில் இல்லை. இரண்டு இரவு ஆமெட் அறைக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றேன். அடுத்த ஏலகிரி டூரில் 3,000 தள்ளுபடி தருகிறாராம்! எனக்கு ஏலகிரிக்கு வழி தெரியாதா?

ஒருவழியாக ஓனர் சிக்கினார். டீ இல்லை, வாத்தியார் சாரும் இல்லை. தன் போனை எடுத்து என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் படத்தைக் காட்டினார். கோவா லாவா எதிரே, நானும் மனைவியும், கையில் காந்தம். "பிளாக் சேண்ட் பீச் விசிட்னு போட்டிருக்கு, பாத்துட்டீங்களே, இதோ நீங்களே போட்டோ போட்டிருக்கீங்க. அப்புறம் இன்னா சார் பிரச்சினை?" ஆமெட்டில் இரண்டு இரவு என்று அவர் அனுப்பிய பிடிஎஃப்பை நீட்டினேன். அது பழைய பிளானாம், கடைசியில் சின்ன எழுத்தில் 'மாறுதலுக்கு உட்பட்டது' என்று இருக்கிறதாம். அன்று மாலையே டூர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

1,78,000 ரூபாய். என் ஓய்வூதியப் பணத்திலிருந்து எடுத்தது.

விவரமாக யோசனை எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். முழுப் பணம் கட்டுவதற்கு முன் ஹோட்டல் பெயரும் புக்கிங் எண்ணும் வாங்கி, அந்த ஹோட்டலுக்கு நீங்களே மெயில் போட்டுக் கேளுங்கள். இந்தோனேசிய விசாவை அரசு இணையதளத்தில் நாமே எடுக்கலாம், எவனிடமும் கொடுக்க வேண்டாம். வாயால் சொல்வதை எல்லாம் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நான் வருகிற வாரம் கொடுக்கப் போகிறேன். இதே டூரில் வந்தவர்கள், இதே ஆமெட் பிடிஎஃப் கையில் இருப்பவர்கள், ரசீதோடு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். அவர்கள் கூப்பிட்டு அழிக்கச் சொன்னாலும் அந்த பிடிஎஃப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.