வீட்டு அனுமதி: நாமே போவதா, படம் கீறுபவரிடம் விடுவதா?

யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் வீடு கட்டுவதென்றால் மாநகர சபையிலும், கோப்பாய், சுன்னாகம் பக்கமென்றால் அந்தந்தப் பிரதேச சபையிலும் விண்ணப்பிக்க வேண்டும். நாமே கொண்டுபோய்க் கொடுத்தாலும் படத்தைத் தகுதி உள்ளவர்தான் கீறி ஒப்பமிட வேண்டும். ஆகவே மிச்சமாவது அலைச்சல் கூலி மட்டும்தான்.

காணி உறுதி, நில அளவைப் படம், சோலைவரிப் (சபைக்குக் கட்டும் ஆதன வரி) பற்றுச்சீட்டு எல்லாம் உங்கள் பெயரில் ஒழுங்காக இருந்தால் நீங்களே போங்கள். உறுதி கனடாவில் இருக்கும் அண்ணன் பெயரிலா? அப்போது முதலில் அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் ஒப்பமிட உங்களுக்குத் தரும் அதிகாரப் பத்திரம், வேண்டும். அதை அண்ணன்தான் முறைப்படி ஒப்பமிட்டுத் தர வேண்டும், படம் கீறுபவரால் ஆகாது.

நேரில் நிற்பதன் உண்மையான இலாபம் கிணற்று விஷயத்தில். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. நாம் குடிப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் நிலத்தடி நீர். மலசலகூடக் குழியின் கழிவு கல்வெடிப்புகளால் அதே நீருக்குள் விரைவாக இறங்கிவிடும். அதனால் குழிக்கு இடம் பார்க்கும்போது உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வளவுக் கிணறும் கணக்கில் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வரும்போது, குழியை எந்த மூலைக்கு மாற்றலாம் என்று வீட்டுக்காரர் அங்கேயே கேட்கலாம். இடையாள் நின்றால் "சரி சேர்" என்பதோடு முடிந்துவிடும்!

ஒழுங்கைக்கரைச் சிறு காணி, மாடி வீடு என்றால் படம் கீறுபவரிடமே விடுவேன். வீதிக்கோட்டுக் கணக்கு, அதாவது வீதியிலிருந்து எவ்வளவு விட்டுக் கட்ட வேண்டும் என்பது, அவருக்குப் பழக்கம். கூலி பேசும்போது, அனுமதித்த படத்தின்படியே கட்டியிருக்கிறது என்று வேலை முடிந்தபின் எடுக்கும் இணக்கச் சான்றிதழும் அதில் அடங்குமா என்று முதலே கேளுங்கள்.