'குதூகலம்' தேட எந்த அகராதி?

குழந்தைகள் குதூகலமாக ஓடினார்கள் என்றால் நமக்கு அது மகிழ்ச்சி. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல், 'அது என்ன, ஏன்' என்று அறியத் துடிப்பதை, ஆங்கிலத்தின் க்யூரியாசிட்டியைக் குறிக்கும். வடமொழிக் 'குதூஹல'த்துக்கும் அந்தப் பொருள் உண்டு. தமிழில் துருவல் போய்த் துள்ளல் மட்டும் நின்றுவிட்டது.

இப்படி ஒரு சொல்லின் மூலம் பார்க்க இன்றும் முதலில் திறக்க வேண்டியது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது; 1926 முதல் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் 'ஆர்வத்தோடு' என்று உருபோடு தட்டினால் தலைப்புச்சொல் கிடைக்காது. 'ஆர்வம்' என்று வெட்டிக் கொடுக்க வேண்டும். மூலமான 'ஆர்'தலுக்குப் போனால் நிறைதல், உண்ணுதல் என்று பல பொருள். ஒரே வடிவில் உள்ள வெவ்வேறு சொற்களுக்குத் தனித்தனி எண் இருக்கும். கண்ணில் பட்ட முதல் பதிவையே எடுத்துக்கொள்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். இன்னொரு வசதி, பதிவு முழுவதிலும் தேடுவது: ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் அதற்கான தமிழ்ச் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும்.

குறை, வயது. குறளில் 'ஆர்வலர்' என்றால் அன்புடையவர். அணியிலக்கணத்தில் ஆர்வமொழி அன்பு பெருகிச் சொல்லும் சொல். இன்றைய சமூக ஆர்வலருக்கு அந்த விளக்கம் உதவாது. அதற்குக் க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும்: முதல் பதிப்பு 1992, மூன்றாவது 2020. எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் இதன் பலம். ஒரு சொல் எதோடு ஒட்டும், எதோடு ஒட்டாது என்பது அவற்றில் தெரிந்துவிடும். சங்கச் சொல்லைத் தேட இது தோதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் காசு கொடுத்து வாங்கலாம். பாட்டுக்குப் பொருள் பார்ப்பவருக்கு லெக்சிகனே போதும்.

சரி, குதூகலம் கைவிட்ட க்யூரியாசிட்டிக்குத் தமிழில் எதைப் போடுவது? 'ஆர்வம்' நெடுநாள் ஈடுபாடு. 'ஆவல்', அவாவுதலில் பிறந்தது. தேர்வு முடிவுக்குக் காத்திருப்பது போல. கட்டுரைக்கு 'அறியும் ஆவல்' பொருந்தும். பக்கத்து வீட்டுச் சங்கதி என்றால் 'குறுகுறுப்பு'. தெருவில் மெட்ரோவுக்குத் தோண்டும் பள்ளத்தை எட்டிப் பார்ப்பது வேடிக்கை. தடுப்பைத் தாண்டி உள்ளே போய் யோசனை சொன்னால் ஆர்வக்கோளாறு.