ஏபிஎஸ் விளக்கு எரிகிறதா? வீல் ஸ்பீட் சென்சாரில் எதை வாங்கலாம்

பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரமும் சுழலும் வேகத்தை அதற்குச் சொல்வது வீல் ஸ்பீட் சென்சார். சிங்கப்பூரின் காக்கி புக்கிட், சின் மிங் வட்டாரத்து உதிரிபாகக் கடைகளில் ஒரே காருக்கு வீல் ஸ்பீட் சென்சார் மூன்று விதமாகக் கிடைக்கும். கார் நிறுவனத்தின் பெட்டியில் வரும் ஒரிஜினல் ஒன்று. பாஷ், ஏடிஇ, என்டிகே போன்ற பெயருள்ள தயாரிப்பு இன்னொன்று. மூன்றாவது, பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி. பெயருள்ள தயாரிப்பே தாராளமாகப் போதும். வெள்ளைப் பெட்டியை மட்டும் வாங்காதீர்கள்.

கழற்றிய பழைய சென்சாரையும் வெள்ளைப் பெட்டிச் சரக்கையும் மேசையில் அருகருகே வைத்தாலே காரணம் தெரிந்துவிடும். முதலில் முனையின் நீளத்தைப் பாருங்கள். சென்சார் முனைக்கும் சக்கரத்தோடு சுழலும் வளையத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர்தான். முனை அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் சிக்னல் தளர்ந்துவிடும். விரைவுச்சாலையில் ஒன்றும் தெரியாது. சிவப்பு விளக்கில் நிற்கப்போகும்போது, 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, பிரேக் மிதி காலடியில் கடகடவென்று அதிரும். சக்கரம் பூட்டிக்கொண்டது என்று ஏபிஎஸ் தவறாக நினைத்து வேலை செய்வதால் வரும் அதிர்வு அது.

அடுத்தது வயர். அதைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் பிடிகள் ஒரு விரற்கடை தள்ளி இருந்தால், அடுக்குமாடி கார்நிறுத்தத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதெல்லாம் வயர் இழுபடும். மேலுறை நன்றாகவே இருக்கும், உள்ளே செம்புக்கம்பி அறுந்திருக்கும். திரும்பும்போது மட்டும் விளக்கு எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரி, கோளாறு சென்சாரில்தானா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதிசெய்துவிடுங்கள். காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் மலிவான ஓபிடி பிளக் பெரும்பாலும் எஞ்சினின் கோளாறுக் குறியீட்டை (கோடு) மட்டுமே காட்டும். ஏபிஎஸ் யூனிட்டோடு பேசக்கூடிய ஸ்கேனர் வேண்டும். டொயோட்டாவில் சி0200 முன் வலது, சி0205 முன் இடது, சி0210 பின் வலது, சி0215 பின் இடது. கோடு எந்தச் சக்கரம் என்று சொல்லும். சென்சாரா, வயரா, வளையமா என்று சொல்லாது. அதற்கு லைவ் டேட்டா, அதாவது கார் ஓடும்போதே ஸ்கேனரில் தெரியும் சக்கர வேக எண்கள் வேண்டும். நேரான சாலையில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பக்கத்தில் இருப்பவர் நான்கு சக்கர எண்களையும் கவனிக்கட்டும். ஓர் எண் எப்போதும் பூஜ்யம் என்றால் சென்சார், வயர் அல்லது கனெக்டர். அவ்வப்போது விழுந்து எழுந்தால் இடைவெளி, துரு, விரிசல் விட்ட வளையம். எப்போதும் சற்றே கூடவோ குறையவோ காட்டினால் டயர் அளவையும் காற்றையும் பாருங்கள். சென்சாருக்குக் காசு போட வேண்டாம்.

மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது பழைய காயில் வகைக்கு மட்டுமே பொருந்தும். அதில் பெரும்பாலும் 1000 முதல் 2000 ஓம் வரை வரும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் ஏசி மில்லிவோல்ட் ஏறும். இன்றைய கார்களில் உள்ளது, கார் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் ஆக்டிவ் வகை. அதை ஓம் வைத்துப் பார்த்துவிட்டுப் பழுது என்று சொல்கிற கடையை நம்ப வேண்டாம். கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, கார் பக்கத்து வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பதே சரி. அங்கே வராவிட்டால் புதுச் சென்சார் போட்டும் பயனில்லை.

மாட்டுவது ஒரே ஒரு போல்ட், 10 நம்பர் சாக்கெட் போதும். கழற்றுவதுதான் சிரமம். நம் ஊர் ஈரத்தில் துரு பிடித்து சென்சார் துளைக்குள்ளேயே இறுகிவிடும். நெம்பினால் தலை ஒடிந்து முனை உள்ளே தங்கிவிடும். துரு நீக்கும் எண்ணெய் அடித்து, ஊறவிட்டு, இடவலமாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும். பிறகு துளையையும், சென்சார் உட்காரும் முகத்தையும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலையை விட்டுவிடுவதால்தான் புதுச் சென்சார் துருவின் மேல் ஏறி உட்கார்ந்து, அதே கோடு திரும்பி வருகிறது. தேய்த்த தூள் வளையத்தில் ஒட்டாதபடி துடைத்து எடுங்கள், பல கார்களில் அந்த வளையம் காந்தம். வயரை வெட்டி ஒட்டுப்போட யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். ஈரமும் அதிர்வும் அந்த ஒட்டைச் சீக்கிரமே பிரித்துவிடும்.

வீல் பேரிங் மாற்றிய பிறகு விளக்கு எரிந்தால் சென்சாரைத் தொடவே வேண்டாம். பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கத்தில்தான் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரைப் பார்க்காமல் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். பேரிங்கை மாற்றிக் கொடுத்தவரிடமே வண்டியைத் திரும்பக் கொண்டுபோங்கள்.

கடைக்குப் போகும்போது சேசிஸ் நம்பரோடு பழைய சென்சாரையும் எடுத்துச் செல்லுங்கள். கனெக்டரின் வடிவம், வயர் நீளம், பிடிகளின் எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று கவுண்டரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். சில மாடல்களில் பின்சக்கர சென்சார், சக்கரம் மாட்டும் ஹப்போடு சேர்ந்தே வரும், விலையும் அதற்கேற்ப ஏறும். பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஹாஃப்கட் கடையில் கழற்றிய பழைய சென்சார் சில வெள்ளிகளுக்குக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். அதன் வயருக்கும் உங்கள் காரின் வயதுதான்.