உப்புவெளி மேல்மாடி அனெக்ஸ்: வெளிநாட்டவருக்கு எடுத்துக் கொடுக்கலாமா?

திருகோணமலைக்கு வேலைக்கோ ஆய்வுக்கோ வந்து ஆறு மாதம், ஒரு வருடம் தங்கப்போகும் வெளிநாட்டவருக்கு வீடு தேடிக் கொடுப்பது கடைசியில் ஊர்க்காரர் ஒருவரின் தலையில்தான் விழும். முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் உப்புவெளி, அலஸ் தோட்டப் பக்கத்து மேல்மாடி அனெக்ஸ்: இரண்டு அறை, சின்னக் குசினி, வெளியால் தனிப் படி, நடந்து போகும் தூரத்தில் கடல். கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருப்பதால் பாதுகாப்புக்கும் குறைவில்லை. இந்த வகை வீட்டைப் பற்றி எங்கள் கருத்து: இடம் நல்லது, வீடு பரவாயில்லை, ஒப்பந்தம்தான் ஓட்டை.

ஓட்டைக்குக் காரணம் சீசன். இந்தப் பக்கக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். ஜூலை, ஓகஸ்டில் நிலாவெளி வரை அறைகள் நிரம்பிவிடும். ஒக்டோபரில் மாத வாடகைக்குச் சந்தோஷமாகக் கொடுத்த அதே மேல்மாடியை, ஜூலையில் நாள் வாடகைக்கு விட்டால் சில நாட்களிலேயே மாதக் காசு கைக்கு வந்துவிடும். வீட்டுக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, கணக்கு அப்படி. ஆனால் சித்திரை முடியும்போது “மகள் ஆக்கள் வெளிநாட்டில இருந்து வருகினம், ரெண்டு மாசம் மட்டும் வேற இடம் பாருங்கோ தம்பி” என்று பேச்சு வரும். வந்தவருக்கு ஊரும் பாஷையும் பிடிபடத் தொடங்கும் நேரம் அது. நகரமெங்கும் வாடகை ஏறியிருக்கும் நேரமும் அதுதான்.

ஆகவே ஒப்பந்தத்தில் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் சீசனைத் தாண்டி இருக்க வேண்டும். சீசனுக்கு வாடகை கூட்டத்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் நின்றால், இரண்டு தொகையையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கூடின தொகை தெரிந்தால் பேரம் பேசலாம், தெரியாவிட்டால் பெட்டிதான் கட்ட வேண்டும். முற்பணத்தில் எதற்கெல்லாம் கழிப்பார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள் என்பதும் எழுத்தில் வரட்டும். “அதெல்லாம் பாப்பம்” என்பது பதில் அல்ல. இன்னொரு வரி பலர் மறப்பது: விசா நீடிக்கப்படாவிட்டால் ஒப்பந்தம் எப்படி முடியும், முற்பணம் என்னாகும். 30 நாள் சுற்றுலா விசாவில் வந்து பிறகு நீடிக்கலாம் என்று இருப்பவருக்கு ஒரு வருட ஒப்பந்தம் எழுதும்போது இந்த வரி இல்லாமல் கையெழுத்து வைக்கக் கூடாது. சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒப்பந்தம் தமிழில் மட்டும் இருந்தால் அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் வீட்டுக்காரர் ஐயாவுக்கு நம்பிக்கை வராது. இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் அடித்து, முரண் வந்தால் எது செல்லும் என்றும் போடுவதே நல்லது.

அடுத்தது தண்ணீர். பைப் தண்ணீர் இணைப்பு உள்ள வீடென்றால் பாதிப் பிரச்சினை இல்லை. கிணற்றை மட்டும் நம்பிய வீடென்றால் கவனம். கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கோட்பாட்டுக் கணக்கில், மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியில் உப்பு ஏறக்குறைய 40 அடி மேலேறும். கோடையில் மழையில்லை; அதே நேரத்தில் சுற்றியுள்ள விடுதிகள் எல்லாம் மோட்டர் போட்டு இழுக்கின்றன. மாரி மழை முடிந்து தை மாதம் வீடு பார்க்கப் போனவர் குடித்துப் பார்த்து “நல்ல தண்ணி” என்பார். ஆவணியில் அதே கிணற்றில் சோப் நுரைக்காது. பார்க்கும் முறை இது: மோட்டரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அதன் பிறகு வரும் தண்ணீரை எடுங்கள், முதலில் வருவது மேல்மட்டத்துத் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பு முதலியவற்றை அளக்கும் மலிவான டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 614 கரைந்த திண்மங்களுக்குக் காட்டும் எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம். தை மாதமே அதைத் தொட்டு நின்றால் ஆவணியைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை, வேறு வீடு பாருங்கள். மீட்டர் இல்லையா? குசினிக் கேத்தலைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளைப் படை தடித்திருந்தால் கேள்வியே வேண்டாம். மீட்டரில் இலக்கம் நல்லாக வந்தாலும் கிருமியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. குடிக்கப் போத்தல் தண்ணீர் அல்லது கொதித்தாறிய தண்ணீர்தான்.

மொட்டைமாடியில் கறுப்புத் தாங்கி இருந்தால் நடுப்பகலில் குளியலறையில் வெந்நீர்தான் வரும். காலையிலேயே குளிக்கப் பழகச் சொல்லுங்கள், வேறு வழியில்லை.

கரண்ட் பில்லில் சண்டை வராத அனெக்ஸ் அரிது. வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறும். 180 யூனிட்டைத் தாண்டினால் மேல்படி. கீழ்வீடு 110, மேல்மாடி 90 என்று தனித்தனி மீட்டரில் ஓடினால் இரண்டும் நடுப்படியில் நிற்கும். ஒரே மீட்டரில் ஓடினால் 200, மேல்படிக்குப் போய்விடும். வீட்டுக்காரர் போட்டிருக்கும் சின்ன உப மீட்டர் யூனிட்டைப் பிரித்துக் காட்டும், பில்லைக் குறைக்காது. வெளிநாட்டவர் வந்ததால்தான் பில் ஏறியது என்று கீழே சொல்வார்கள். அதிலும் பாதி உண்மை உண்டு. தனி மீட்டர், தனிக் கணக்கு இலக்கம் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுங்கள். இல்லாவிட்டால் மொத்தப் பில்லை யூனிட் விகிதப்படி பிரிப்பது என்று எழுதுங்கள். யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்லும் தட்டை விலைக்கு இணங்க வேண்டாம். ஏசி இருந்தால் கணக்கே மாறும்: இன்வேர்ட்டர் இல்லாத 12,000 பிடியு ஏசி கொம்பிரசர் ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் போட்டால் மாதத்தில் அதுவே 150 யூனிட்டைத் தாண்டலாம்.

ஏசி இல்லாமல் முடியுமா என்பது கூரையில் தங்கியிருக்கிறது. வெறும் கொங்கிறீற் தட்டுக்குக் கீழே படுத்தால், பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தட்டு இரவில் இறக்கும்; ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிடும். தட்டுக்கு மேல் இன்னொரு கூரை போட்ட வீடு எவ்வளவோ மேல். கச்சான் எனும் சூடான மேல்காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்க யன்னல் அறை படுக்க உதவாது, படுக்கையறை கிழக்கே இருக்கிறதா என்று பாருங்கள். யன்னல் நுளம்பு வலை உலோகமென்றால் உப்புக்காற்றில் உதிரும், ஃபைபர் வலை நிற்கும்.

உப்புக்காற்றின் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை நிமிர்த்தித் தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி ஓடும் கோட்டிலே கபில நிறக் கறை, மெல்லிய வெடிப்பு, தட்டினால் பொள்ளல் சத்தம் என்றால் உள்ளே கம்பி கறள் பிடித்து வீங்கியிருக்கிறது. புதுப் பெயின்ற் அடித்த வீட்டில்தான் இதைக் கூடுதலாகத் தேட வேண்டும். ஏசியின் வெளிப்பெட்டி கடலைப் பார்த்து நின்றால் அதன் தகடுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்த ஏசியை ஏசி என்று எண்ணி வாடகை பேச வேண்டாம்.

பிளக் சின்ன விஷயம், ஆனால் வந்த அன்றே பிடிக்கும் விஷயம். பழைய வீட்டில் வட்ட முனை, புதியதில் சதுர முனை 13 அம்பியர். ஐரோப்பிய இரட்டை முனையைப் பேனாவால் மூடியைத் திறந்து செருகும் பழக்கத்தைத் தடுங்கள்: பிடிமானம் இல்லாமல் சூடாகும், ஏர்த்தும் கிடைக்காது. நல்ல அடப்டர் வாங்கிக் கொடுங்கள். மாரியில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால், மொட்டைமாடிப் பிளக்கிலோ வெளி லைற்றிலோ ஈரம் இறங்கியிருக்கும். அதைக் கழற்றிக் காயவிடாமல் சுவிட்சை மாற்றிப் பயனில்லை.

கடல் முக்கியமில்லை, வேலை நகரத்துக்குள் என்றால் உவர்மலையைப் பாருங்கள். உயரத்தில் அமைதியான வீதிகள், கடைத்தெருவுக்குக் கிட்ட, சீசன் பேச்சும் குறைவு. மேட்டு வீடுகளில் தண்ணீர் அழுத்தம் எப்படி என்று மட்டும் காலை ஏழு மணிக்குப் போய் பைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். நகரத்து வீடென்றால் குப்பைப் பையை இரவில் வெளியே வைக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள்: இங்கே வீதியில் திரியும் மான்கள் பையைக் கிழித்துப் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. நிலாவெளி அழகு, ஆனால் பஸ் நின்ற பிறகு ஓட்டோதான். தனியாக வருபவருக்கு நாங்கள் நிலாவெளியைப் பரிந்துரைப்பதில்லை.

திறப்பு வாங்கும் நாளில் மீட்டர் இலக்கத்தைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். காஸ் சிலிண்டர் யாருடையது என்றும் கேளுங்கள். வெற்றுச் சிலிண்டர் இல்லாமல் கடைக்குப் போனால் காஸுக்கு மேல் சிலிண்டருக்கும் காசு கட்ட வேண்டி வரும்.